மணி கேட்கக் கூடாத மனிதர்

அவரிடம் மணி கேட்கக் கூடாது. கேட்டால் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார், நம்மைப் பார்ப்பார். "எதுக்குக் கேக்குற?" என்பார். பஸ்ஸுக்கு என்றால், "இன்னும் நேரம் கெடக்கும்மா" என்பார். சாப்பாட்டுக்கு என்றால், "ஆயிடுச்சு ஆயிடுச்சு, டப்பாவத் தொற" என்பார். காரணத்தைத் தெரிந்துகொண்டு அதற்குத் தகுந்த மணியைச் சொல்கிற ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதையும் ஒரு பெருமையாக எடுத்துக்கொண்டு நாலு பேரிடம் காட்டுவார். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில், பாபநாசத்துக்குச் சற்று முன்னால், சுற்றுவட்டார விவசாயிகள் சேர்ந்து ஒரு தகவல் மையம் நடத்தினார்கள். மழை நிலவரம், நெல் விலை, பயிர்க் காப்பீடு என்று எது வேண்டுமானாலும் வந்து கேட்டுக்கொள்ளலாம். நான் அங்கே எழுத்து வேலையில் இருந்தேன். அவர் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் சார் என்போம். வேறு வழியில்லை, மாதம் முழுக்க ஒரே அறையில் உட்கார வேண்டுமே.

ஐம்பதைத் தொடப் போகிற வயது. சலவை மடிப்புக் கலையாத சட்டை. பையில் இரண்டு பென் டிரைவ்கள், மஞ்சள் கயிற்றில் கோத்தவை, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு. தோள்பையில் சார்ஜர், ஸ்குரூ டிரைவர், இவற்றோடு ஒரு பாக்கெட் பஞ்சாங்கம். அதைப் புரட்டாமல் ஒரு ஒயரைக்கூடப் பிடுங்க மாட்டார்.

பஞ்சாங்கம் பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் நடவுக்கு ஆள் வரத் தாமதமானால், நல்ல நேரத்தில் நாலு குத்து நாற்றை மட்டும் நட்டு வைத்துவிட்டு, மீதியை ஆள் வந்தபின் நடுவார்கள். நேரத்தைத் தவறவிடக் கூடாதென்று நாம் ஓடுகிறோம், அதில் ஒரு மரியாதை இருக்கிறது. அவர் கதை வேறு. நேரம் அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் காதைப் பிடித்துத் திருகுவார்.

திருகுவார் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. மையத்தில் விரல் வைத்து வருகையைப் பதிகிற கருவி ஒன்று உண்டு. அதன் கடிகாரம் அவர் பொறுப்பில் இருந்தது. அவர் தாமதமாக வருகிற நாட்களில், வந்ததும் முதல் வேலையாகக் கருவியை அரைமணி பின்னால் தள்ளிவிட்டு, பிறகு விரலை வைப்பார். அப்படியே விட்டுவிடுவார். மறுநாள் நாங்கள் எல்லோரும் அரைமணி முன்னதாக வந்தவர்களாகப் பதிவாகியிருக்கும். பெருக்குகிற அம்மா முதல் டிரைவர் வரை ஒருத்தரும் புகார் சொல்லவில்லை. யாருக்குத்தான் கசக்கும்? இப்படித்தான் இந்த மாதிரி ஆட்கள் வளர்கிறார்கள்.

அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார். முகூர்த்தம் ஏழரைக்குள். ஏழரை ஆகும்போது மனிதர் இன்னும் குளித்துக்கொண்டிருந்தார். ஈரத்தலையோடு வெளியே வந்தவர், கூடத்தில் மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தை எக்கிக் கழற்றினார். முள்ளை ஏழேகாலுக்குக் கொண்டுபோய் வைத்தார். மறுபடி மாட்டிவிட்டு, "ஆரம்பிங்க சாமி, நேரம் இருக்கு" என்றார். ஐயர் சுவரைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மந்திரத்தை ஆரம்பித்தார். தட்சிணை கைக்கு வரும்வரை அவருக்கும் அந்தச் சுவர்க் கடிகாரம்தான் சரி. அந்த வீட்டு மாமி, அதாவது அவர் மனைவி, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி, "கல்யாணத்தன்னிக்கும் இதே கூத்துதான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருபது வருஷப் பழக்கம்.

"நேரம்னா என்னா? நாம ஒத்துக்கிட்டா நேரம்." இது அவர் அடிக்கடி சொல்கிற வாசகம். இதைச் சொல்லும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வார். ஏதோ உபநிடதத்திலிருந்து எடுத்து எங்களுக்குப் பிச்சை போடுகிற மாதிரி இருக்கும்.

மையத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று கணக்கு எழுத, அது என் மேசையில். இன்னொன்று விவசாயிகள் வந்து பார்ப்பதற்கு. அதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள், இலவசமாகக் கிடைக்கிறது என்பதால். லினக்ஸில் எதைப் புதிதாக ஏற்றுவதென்றாலும் முதலில் கடவுச்சொல் கேட்கும். அவர் ஒரு கைக்குட்டையைக் கீபோர்டு மேல் விரித்து, அதற்குள் விரல்களை நுழைத்து அடிப்பார். அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டு முணுமுணுப்பார். குலதெய்வத்தின் பெயரும் அவர் வண்டி எண்ணும் சேர்ந்ததுதான் கடவுச்சொல் என்பது டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். கைக்குட்டை மட்டும் தவறாமல் விரிக்கப்பட்டது.

பொங்கல் முடிந்த சமயம். மழை நிலவரத்துக்கு நாங்கள் பார்க்கும் பக்கம் இங்கிலீஷில் மட்டும்தான் இருந்தது. காப்பீட்டுப் பக்கம் இங்கிலீஷ் பாதி, இந்தி பாதி. வருகிற ஒவ்வொருவருக்கும் நான் தட்டுத் தடுமாறிப் படித்துச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தமிழிலேயே காட்டுகிற மொழிபெயர்ப்பு மென்பொருள் ஒன்று இருக்கிறது, அதை ஏற்றிவிடலாம் என்று யாரோ சொல்ல, எங்கள் மையத்தின் தலைவர் உடனே சரி என்றார். தலைவருக்கு நாள் நட்சத்திரத்தில் அசையாத நம்பிக்கை. "திங்கக்கிழம முகூர்த்த நாளு. ஒம்பதரைக்கு ஆரம்பிச்சுடுங்க. நான் சென்னையிலேருந்து வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை காலை நாங்கள் கம்ப்யூட்டரைத் துடைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துக் காத்திருந்தோம். வண்டி என்றால் சக்கரத்தடியில் பழம் வைக்கலாம். இதற்கு எங்கே வைப்பதென்று தெரியாமல் மவுஸ் பக்கத்தில் வைத்தோம். அவர் வரவில்லை. சுவாமிமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பத்து மணி வாக்கில் தலைவர் அவருக்குப் போன் போட்டிருக்கிறார். "ஒம்பதரைக்கே ஆரம்பிச்சாச்சுங்க, ஓடிக்கிட்டு இருக்கு" என்று மனிதர் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறார். இதை அவரே வந்து எங்களிடம் பெருமையாகச் சொன்னார். சொன்னது வெள்ளிக்கிழமை. ஆம், அன்றுதான் வந்து சேர்ந்தார்.

வெள்ளிக்கிழமை, அதுவும் பதினோரு மணி. பச்சை ராகுகாலம். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். தலைவர் மறுநாள் வருகிறார். ஏற்றிய நாளும் மணியும் கம்ப்யூட்டரில் பதிவாகும், தலைவர் அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார் என்பதும் அவருக்குத் தெரியும். பொய் பிடிபட்டுவிடும். சாதாரண ஆளாக இருந்தால், மன்னிச்சுக்குங்க தலைவரே, வர முடியல என்று சொல்லி முடித்திருப்பான். இவர் கைக்குட்டையை விரித்தார்.

"என்னா சார் செய்யப் போறீங்க?" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குத் திங்கக்கிழமையக் கொண்டாரப் போறேன்" என்றார்.

கொண்டுவந்தார். தேதியைத் திங்கட்கிழமையாக்கி, மணியை ஒன்பதரை ஆக்கினார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே வெள்ளிக்கிழமைக்குத் திரும்பிவிட்டது. இணையத்தில் இருக்கும்போது சரியான நேரத்தை எங்கிருந்தோ கேட்டு வாங்கித் தன்னைத் திருத்திக்கொள்கிற புத்தி அதற்கு இருந்தது. அவர் மறுபடி மாற்றினார். மறுபடியும் அது வெள்ளிக்கிழமைக்கே வந்தது. அடுத்த தடவை, நேரத்தைக் கேட்டு வாங்குகிற அந்த வசதியையே அணைத்துப் போட்டார். "இப்ப என்னா பண்ணும்?" என்று ஒரு சிரிப்பு வேறு.

பிறகு ஏற்ற ஆரம்பித்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. திடீரென்று நின்றது. இங்கிலீஷில் ஏதோ சொன்னது. நான் எட்டிப் படித்தேன். இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இன்னும் நாலு நாள் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று இருந்தது. அதற்குத் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறோம், வருவதோ வெள்ளிக்கிழமைச் சரக்கு. குழந்தைக்குக்கூடச் சந்தேகம் வருமே.

"சார், நாலு நாளு பொறுக்கச் சொல்லுது."

"அது அப்புடித்தாம்மா சொல்லும். அது சொல்றதையெல்லாம் கேட்டா வேலை நடக்குமா?"

போனில் எதையோ தேடி, அதைப் பார்த்துப் பார்த்து ஒரு நீள வரியை அடித்தார். தேதியைச் சரிபார்க்காதே என்பதுதான் அந்த வரியின் சாரம். அது அதற்குமேல் வாதாடவில்லை, சொன்னபடி செய்தது. அத்தனை பேரும் அவருக்கு விட்டுக்கொடுத்த மாதிரி அதுவும் விட்டுக்கொடுத்தது. ஆனாலும் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லிப் பார்த்தது அந்தக் கம்ப்யூட்டர் மட்டும்தான் என்பதை நான் மறக்கவில்லை.

கடைசியில் மழைப் பக்கத்தைத் திறந்தார். தமிழில் வந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு அப்போது உடம்பு சிலிர்த்தது. இன்று, நாளை, நாளை மறுநாள் என்று பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொன்றிலும் 'வறண்ட வானிலை' என்று தெளிவாக எழுதியிருந்தது. தேதியெல்லாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது, அவ்வளவு தூரம் யாரும் உருட்டுவதில்லை. பெருக்குகிற அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அட, நமக்கே வெளங்குதே" என்று கன்னத்தில் கை வைத்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை மன்னித்துவிடலாம் போலத்தான் இருந்தது.

தலைவர் வந்தார். திங்கட்கிழமை, காலை ஒன்பதரை என்று பதிவு காட்டியது. தலைவர் கண்ணில் தண்ணீர் வராத குறை. சாருக்குப் பொன்னாடை போர்த்தினார். சார் கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டார். திரை மூலையில் தெரிகிற கடிகாரத்தை அதற்கு முன்பே எடுத்துவிட்டிருந்தார். "அது எதுக்கு, எடத்த அடைச்சுக்கிட்டு" என்று எங்களிடம் காரணம் சொன்னார். தேதியைத் திரும்பச் சரிசெய்ய அவருக்குத் தோன்றவில்லை. எதைத் திருகினாலும் அப்படியே விட்டுவிட்டுப் போவதுதானே அவர் பழக்கம்.

இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன். தை மாதம், வெயில் நன்றாக அடித்தது. மழையில்லாத நாட்களில் நாலு நாள் பழைய செய்தியும் புதிய செய்தியும் ஒன்றேதான்.

என் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் தலைமுறையாக அடுத்தவர் வயலில் நட்டது, களை பறித்தது, அறுத்தது. நான் படித்து நாற்காலிக்கு வந்தேன். அக்காவுக்கு வயல்தான் பிடித்தது. அந்த வருஷம் முதல் தடவையாகத் தன் பெயரில் குத்தகைக்கு நிலம் பிடித்தாள். குடமுருட்டி ஆற்றின் கரையோரம் ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கர். நிலத்துக்காரர் அரைமனதாகத்தான் விட்டார். "பொம்பள ஒண்டியா என்னா செய்வ? ஒரு போகம் பாக்குறேன். வெளைச்சல் ஒழுங்கா வந்தா அடுத்த வருஷமும் நீயே வச்சுக்க" என்றார். அந்த ஒரு போகத்துக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பயிர் பச்சை கட்டி நின்றபோது என்னைக் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நிறுத்தி, "பாரு பாப்பா" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அவள் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. அறுப்பு மெசின் அந்தச் சமயத்தில் வெளியூரிலிருந்து வரும், முறை வைத்துத்தான் கிடைக்கும். ஒரு புதன்கிழமை காலை மெசின்காரர் அவள் வயலுக்குப் போகிற ரோட்டில் வந்து நின்றுவிட்டார். பக்கத்து வயல்காரர், எனக்கு முதலில் விடு, நீ சனிக்கிழமை அறுத்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். இரண்டு மூன்று நாள் காய்ந்தால் நெல்லில் ஈரம் குறையும், கொள்முதல் நிலையத்தில் தட்டிக்கழிக்காமல் எடுப்பார்கள். ஆனால் மழை வந்தால்? அக்கா மையத்துக்கு ஓடி வந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன்தான். நான் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பெருக்குகிற அம்மாதான் நடந்ததை எனக்கு வரிவரியாகச் சொன்னார்.

"சார், டிவில கடல்ல ஏதோ சின்னம் வருதுங்குறான். மழ வருமா சார்? மெசினு ரோட்டுல நிக்கிது."

சார் திரையை அவள் பக்கம் திருப்பினார். "டிவிக்காரன் பயமுறுத்துனாத்தான் பொழப்பு. இங்க பாரு. தமிழ்லயே போட்டுருக்கு, படிப்பியா? இன்று வறண்ட வானிலை. நாளை வறண்ட வானிலை. சனிக்கிழம வரைக்கும் சொட்டு விழாது."

"நிச்சயமா சார்? இது ஒண்ணுதான் சார் எனக்கு."

"நான் நல்ல நேரம் பாத்து ஏத்துன சாப்ட்வேரும்மா இது. பொய் சொல்லாது. தைரியமாப் போ."

அக்கா படித்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே படிக்க வரும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய், மெசினைப் பக்கத்து வயலுக்கு விட்டுக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே இருட்டிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குப் பிடித்த மழை, சனிக்கிழமை சாயங்காலம் வரை விடவில்லை. மார்கழியில் பெய்ய மறந்ததையெல்லாம் சேர்த்துப் பெய்தது.

மழை பிடித்த அந்த வெள்ளிக்கிழமை மையத்தில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். வாசல் சன்ஷேடிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டுகிறது. உள்ளே திரையில், 'இன்று: வறண்ட வானிலை'. சார் குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டு, நனைந்த கால்சட்டையோடு திரைமுன் உட்கார்ந்து அதைப் படித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "இது கணக்குல வராத மழை" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். மேலே மூலப் பக்கம் என்று ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தினேன். இங்கிலீஷ் பக்கம் வந்தது. சிவப்புப் பட்டை போட்டு, பலத்த மழை, அறுவடையைத் தள்ளிப் போடாதீர்கள், அறுத்த நெல்லை மூடி வையுங்கள் என்று எச்சரிக்கை. வெளியிட்டது புதன்கிழமை காலை. அக்கா வந்து நிற்பதற்கு முன்பே. கறுப்புத் திரையைத் திறந்து தேதியைக் கேட்டேன். திங்கட்கிழமை என்று சொன்னது.

அப்போதுதான் புரிந்தது. மொழிபெயர்த்த பக்கத்தை அந்த மென்பொருள் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த நேரம் வரைதான் செல்லும் என்று ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் புதியதைக் கொண்டுவரும். நாலு நாள் பின்னால் வாழ்கிற கம்ப்யூட்டருக்குச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தின் கெடு சனிக்கிழமை வரை தீரவே தீராது. பழைய சோற்றை இப்போதுதான் வடித்தது என்று சொல்லி எல்லோருக்கும் போட்டுக்கொண்டிருந்தது.

குலதெய்வத்தின் பெயரையும் வண்டி எண்ணையும் அடித்தேன், கைக்குட்டை விரிக்காமல். அவர் அணைத்து வைத்திருந்த வசதியைத் திரும்பப் போட்டேன். ஒரு நொடியில் வெள்ளிக்கிழமை வந்தது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். கட்டங்கள் எல்லாம் சிவந்து போயின.

சார் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்த பென் டிரைவைத் தொட்டுத் தடவினார். "ஒங்க அக்காவுக்கு நேரம் சரியில்லம்மா" என்றார்.

என் வாழ்க்கையில் ஒருவரை அடிக்கக் கை எழுந்தது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல நேரத்துலதானம்மா ஏத்துனோம், அப்பறம் எப்புடி?" என்றார். திங்கட்கிழமையை அவர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். நான் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வயல்காரரின் நெல் வியாழக்கிழமையே வீடு சேர்ந்துவிட்டது. அக்காவின் ஆறு மாவும் படுத்துவிட்டது. வடிகால் நிறைந்து தண்ணீர் போக வழியில்லை. மெசின் இறங்கினால் புதையும் என்று மெசின்காரர் கைவிரித்துவிட்டார். ஆளை விட்டு அறுக்கலாம் என்றால் அந்த வாரம் எல்லோருக்கும் ஆள் வேண்டும். தண்ணீர் வடிவதற்குள் கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. நிலத்துக்காரர் வந்து வரப்பில் நின்று பார்த்தார். அவளைத் திட்டக்கூட இல்லை. "வேற ஆளப் பாத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் நான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேதியைத் திருப்பியது, கம்ப்யூட்டர் எச்சரித்தது, அவர் அதன் வாயை அடைத்தது, ஒன்று விடாமல். அவள் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மையத்துக்கு வந்தாள். உள்ளே நாலைந்து விவசாயிகள் இருந்தார்கள். சார் அவர்களுக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொண்டு, "வாம்மா, கேள்விப்பட்டேன்" என்றார். நான் எழுந்து நின்றேன். அவள் கத்துவாள், அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள், பின்னாலேயே நானும் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தேன்.

அவள் முந்தானையிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கீபோர்டு மேல் வைத்தாள். நெல் ஒவ்வொன்றிலும் வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருந்தது.

"சார், இந்தக் கம்ப்யூட்டர்ல நாளத் திருப்பி வைக்கலாமாமுல்ல. பாப்பா சொல்லுச்சு."

அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளினார்.

"போன புதங்கிழம காலம்பறக்கித் திருப்பி வைங்க சார். மெசினு ரோட்டுல நின்னுச்சுல்ல, அந்த நேரத்துக்கு வைங்க. நான் ஓடிப் போயி அறுத்துக்கிட்டு வந்துடறேன்."

குரலில் கேலி இல்லை. ரேஷன் கடையில் எடை போடச் சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டுத் திரைக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அவர் செய்து முடிக்கும்வரை இருப்பவள் மாதிரி. அந்த விவசாயிகள் அவரையே பார்த்தார்கள். அவர் கதிரைத் தொடவில்லை. கையைக் கீபோர்டுப் பக்கம் கொண்டுபோனார், திரும்ப எடுத்துக்கொண்டார். தோள்பையைத் திறந்து பஞ்சாங்கத்தைத் தேடினார், எடுக்காமலே மூடினார். பிறகு, கையில் தங்க நிறக் கடிகாரம் கட்டியிருந்த அந்த மனிதர், என் பக்கம் திரும்பி, "இப்ப மணி என்னாம்மா?" என்றார்.

"எதுக்குக் கேக்குறீங்க சார்?" என்றேன்.